அடியில் இருக்கும் எழுத்துக்குப் பயப்பட வேண்டாம்

(வெலிமடைப் பகுதித் தோட்டங்களின் பெற்றோருக்கும், 10ஆம், 11ஆம் தரப் பிள்ளைகளுக்குமாக நடந்த கல்விக் கூட்டத்தில் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. கரும்பலகையில் செய்து காட்டிய கணக்குகளும் சேர்த்துத் தரப்படுகிறது.)



மலையில் வேலை முடிந்து, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் அடுப்பையும் பார்த்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்கக் கூடாது. கல்வியின் சிறப்பு, கல்வியின் மகிமை என்று பொதுவாகப் பேசிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். அப்படிப் பேசப் போவதில்லை. ஒரே ஒரு கணக்கு வகையை எடுத்து, அதை இன்றைக்கே உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் விளங்க வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் எனது எண்ணம்.

அந்தக் கணக்கு வகைக்குப் புத்தகத்தில் 'அட்சர கணிதப் பின்னங்களைக் கொண்ட சமன்பாடுகள்' என்று பெயர். பெயரைக் கேட்டாலே பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது. பின்னம் என்றாலே பாதிப் பேருக்குப் பயம், எழுத்துக் கணக்கு என்றால் மீதிப் பேருக்குப் பயம். இரண்டும் சேர்ந்து வந்து, அந்த எழுத்தும் பின்னத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டால், வினாத்தாளில் அந்த இடத்தை அப்படியே வெள்ளையாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

ஏன் இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று கேட்கலாம். க.பொ.த. சாதாரண தரத்தில் ஒரு பிள்ளை எத்தனை பாடத்தில் நல்ல பெறுபேறு எடுத்தாலும், உயர்தர வகுப்புக்குப் போகும்போதும், அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போடும்போதும் முதலில் பார்ப்பது இரண்டு பாடங்களைத்தான். ஒன்று தாய்மொழி, மற்றது கணிதம். 2017ஆம் ஆண்டு தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில் தொழிற்பாடப் பிரிவு என்று ஒரு வழி திறக்கப்பட்டது உண்மைதான். ஆனால் கலை, வர்த்தகம், விஞ்ஞானம் என்று போக நினைக்கும் பிள்ளைக்குக் கணிதச் சித்தி இல்லாவிட்டால் கதவு பாதிதான் திறக்கும். நமது லயங்களில் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள், தமிழிலும் வரலாற்றிலும் சமயத்திலும் நல்ல புள்ளி எடுத்தவர்கள், இந்த ஒரு பாடத்தால் கொழும்புக்குக் கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போயிருக்கிறார்கள். அது உங்களுக்கே தெரியும். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"நம்ம புள்ளைங்களுக்குக் கணக்கு வராது" என்று சில பெற்றோரே சொல்லுகிறார்கள். இந்தப் பேச்சைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். 1970களில் அரசாங்கம் பொறுப்பெடுக்கும் வரைக்கும் நமது தோட்டப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். ஒரே ஆசிரியர், ஒரே அறை. நமது பாட்டன் பூட்டன் கணிதம் படிக்காமல் போனது மூளை இல்லாமல் அல்ல, வகுப்பு இல்லாமல். இன்றைக்கு வகுப்பு இருக்கிறது. அதனால் அந்தப் பழைய பேச்சு இன்றைக்குப் பொருந்தாது.

பின்னம் உங்களுக்குத் தெரியும்

முதலில் பின்னம். அம்மாமாரைப் பார்த்துக் கேட்கிறேன். உங்களுக்கு அரைப்பேர் என்றால் தெரியுமா, தெரியாதா? ஒரு நாள் பேரில் பாதி. நாலு அரைப்பேர் என்றால் எத்தனை முழுப்பேர்? இரண்டு என்று உடனே சொல்லுகிறீர்கள். பென்சில் இல்லை, கொப்பி இல்லை. அதுதான் பின்னம். 1/2 என்பதை நாலு தடவை கூட்டினால் 2.

தமிழனுக்குப் பின்னம் புதிது அல்ல. காரிநாயனார் எழுதிய கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணித நூல் இருக்கிறது. நமது முன்னோர் கால், அரை, முக்காலோடு நிற்கவில்லை. எட்டில் ஒன்றுக்கு அரைக்கால், பதினாறில் ஒன்றுக்கு மாகாணி அல்லது வீசம், இருபதில் ஒன்றுக்கு மா, எண்பதில் ஒன்றுக்குக் காணி, முந்நூற்று இருபதில் ஒன்றுக்கு முந்திரி என்று பெயர் வைத்து, அதற்கு வாய்பாடும் வைத்திருந்தார்கள். 1/320க்குப் பெயர் வைத்த சனத்தின் பிள்ளை 1/6க்கும் 1/4க்கும் பயப்படலாமா?

பின்னத்தில் மேலே இருப்பதைத் தொகுதி எண் என்றும், கீழே இருப்பதைப் பகுதி எண் என்றும் சொல்லுவோம். கீழே இருப்பது 'எத்தனை பங்கு வைத்தோம்' என்பதைச் சொல்லும். மேலே இருப்பது 'அதில் எத்தனை பங்கு எடுத்தோம்' என்பதைச் சொல்லும். இவ்வளவுதான்.

எழுத்து எதற்கு வருகிறது?

அடுத்தது எழுத்து. தெரியாத ஒன்றுக்குத் தற்காலிகமாக வைக்கும் பெயர்தான் அது. புத்தகத்தில் ஆங்கில எழுத்து எக்ஸ் போட்டிருக்கும். இன்றைக்கு நான் 'ய' என்று போடுகிறேன். காரணம் இருக்கிறது. 1150ஆம் ஆண்டளவில் லீலாவதி என்ற நூலை எழுதிய பாஸ்கரரின் கணிதத்தில், தெரியாத கணியத்தை 'யாவத்தாவத்' என்று சொன்னார்கள். 'எவ்வளவோ அவ்வளவு' என்று அர்த்தம். அதைச் சுருக்கி 'யா' என்று எழுதினார்கள். ஆகவே எக்ஸ் என்பது வெள்ளைக்காரன் மட்டும் கண்டுபிடித்த பூதம் அல்ல.

இந்தக் கணக்கு எவ்வளவு பழையது என்று பாருங்கள். சுமார் 3,500 வருசத்துக்கு முன் எகிப்தில் ஆமோஸ் என்ற எழுத்தர் பிரதி பண்ணிவைத்த சுருளில், ஒரு தொகையோடு அதன் ஏழில் ஒரு பங்கைச் சேர்த்தால் 19 வருகிறது, தொகை என்ன என்று ஒரு கணக்கு இருக்கிறது. கி.பி. 820 அளவில் பக்தாத் நகரில் அல் குவாரிஸ்மி என்ற அறிஞர் இந்தக் கணிதத்துக்கு ஒரு நூலே எழுதினார். அந்த நூலின் பெயரில் வரும் 'அல் ஜபர்' என்ற சொல்தான் ஆங்கிலத்தில் அல்ஜிப்ரா ஆனது. செத்துப்போனவர் சொத்தை மனைவி மக்களுக்குச் சரியாகப் பங்கு பிரிக்கும் கணக்குகள் அந்த நூலில் ஒரு பெரிய பகுதி. சண்டை வராமல் பங்கு பிரிக்கவும் இந்தக் கணிதம் உதவியிருக்கிறது.

தராசு மாதிரி

சமன்பாடு என்றால் தராசு. இடது தட்டும் வலது தட்டும் ஒரே நிறை. ஒரு பக்கத்தில் எதைச் செய்தாலும் மற்றப் பக்கத்திலும் அதையே செய்யவேண்டும். பிள்ளைகள் "அந்தப் பக்கம் போனா குறி மாறும்" என்று பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். ஏன் மாறுகிறது என்று கேட்டால் தெரியாது. இரண்டு பக்கத்திலும் ஒரே அளவைக் கழிக்கிறோம், அல்லது கூட்டுகிறோம். அதனால்தான் மாறுகிறது. காரணம் தெரிந்தவன் பிழை விடமாட்டான்.

இனி முதல் கணக்கு. ஒரு தொகையின் பாதியும் மூன்றில் ஒன்றும் சேர்ந்து 10.

ய/2 + ய/3 = 10

பகுதி எண்கள் 2, 3. இரண்டாலும் மீதியில்லாமல் பிரிபடும் மிகச் சிறிய எண் 6. அதாவது பொது மடங்குகளுட் சிறியது, பொ.ம.சி. தராசின் இரண்டு பக்கத்தையும் 6ஆல் பெருக்குவோம். ஒவ்வொரு உறுப்பையும் பெருக்க வேண்டும், ஒன்றையும் விடக்கூடாது.

3ய + 2ய = 60
5ய = 60
ய = 12

சரி பார்ப்போம். 12இல் பாதி 6, மூன்றில் ஒன்று 4. கூட்டினால் 10. சரி. பின்னம் எங்கே போனது? பொ.ம.சி.யால் பெருக்கினதும் ஓடிப்போய்விட்டது. இன்றைக்குச் சொல்லப்போகும் முழு இரகசியமும் இதுதான். பின்னத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். முதல் வேலையாகப் பின்னத்தை அனுப்பிவிடுங்கள்.

எழுத்து அடியில் வந்தால்

லயத்துக்குத் தண்ணி வரும் தாங்கி ஒன்று இருக்கிறது. ஒரு குழாய் மட்டும் திறந்தால் 6 மணித்தியாலத்தில் நிறையும். இரண்டாவது குழாய் மட்டும் திறந்தால் எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துத் திறந்தால் 4 மணித்தியாலத்தில் நிறைகிறது. இரண்டாவது குழாய்க்குத் தனியாக எவ்வளவு நேரம்?

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். நேரத்தை நேரத்தோடு கூட்டப் பார்க்கிறார்கள். நேரத்தைக் கூட்டக் கூடாது, வேலையைத்தான் கூட்டவேண்டும். முதல் குழாய் ஒரு மணித்தியாலத்தில் தாங்கியில் ஆறில் ஒரு பங்கை நிரப்பும். இரண்டாவது 'ய' மணித்தியாலம் எடுக்கும் என்றால், ஒரு மணித்தியாலத்தில் 1/ய பங்கு நிரப்பும். இரண்டும் சேர்ந்து நாலில் ஒரு பங்கு.

1/6 + 1/ய = 1/4

பாருங்கள், எழுத்து அடியில் போய்விட்டது. ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. பகுதி எண்கள் 6, ய, 4. பொ.ம.சி. 12ய. எல்லா உறுப்பையும் 12யவால் பெருக்குவோம். 12யவை 6ஆல் பிரித்தால் 2ய. யவால் பிரித்தால் 12. 4ஆல் பிரித்தால் 3ய.

2ய + 12 = 3ய
ய = 12

பன்னிரண்டு மணித்தியாலம். சரி பார்த்தால் 1/6 + 1/12 என்பது 2/12 + 1/12, அதாவது 3/12, அதாவது 1/4. சரி.

இதே மாதிரிக் கணக்கு பாஸ்கரரின் லீலாவதியிலும் இருக்கிறது. நாலு ஊற்றுகள். தனித்தனியே ஒரு குளத்தை ஒரு நாளில், அரை நாளில், நாளில் மூன்றில் ஒரு பங்கில், ஆறில் ஒரு பங்கில் நிரப்பும். நாலும் சேர்ந்தால்? ஒரு நாளில் அவை முறையே 1, 2, 3, 6 குளம் நிரப்பும். மொத்தம் 12 குளம். ஆகவே ஒரு குளத்துக்கு ஒரு நாளில் 12இல் ஒரு பங்கு, அதாவது 2 மணித்தியாலம். கிட்டத்தட்ட 900 வருசத்துக்கு முன் கேட்ட கேள்வியைத்தான் இன்றைக்கும் நமது பிள்ளைகளிடம் கேட்கிறார்கள்.

பஸ் கணக்கு

வெலிமடையிலிருந்து பதுளைக்கு ஹாலிஎல வழியாகப் பஸ் போகிறது. போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். தூரம் கணக்குக்காக 30 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். இறங்கும்போது மணிக்கு 10 கிலோமீற்றர் வேகம் கூட. ஏறி வர அரை மணித்தியாலம் அதிகம் எடுக்கிறது. ஏறும் வேகம் என்ன?

ஏறும் வேகம் 'ய' என்றால் இறங்கும் வேகம் ய + 10. நேரம் என்பது தூரத்தை வேகத்தால் பிரிப்பது.

30/ய − 30/(ய + 10) = 1/2

பொ.ம.சி. 2ய(ய + 10). அதனால் எல்லாவற்றையும் பெருக்கினால்:

60(ய + 10) − 60ய = ய(ய + 10)
600 = ய² + 10ய
ய² + 10ய − 600 = 0

இது இருபடிச் சமன்பாடு. பெருக்கினால் −600, கூட்டினால் +10 வரும் இரண்டு எண்கள் +30, −20.

(ய + 30)(ய − 20) = 0

ய = −30 அல்லது ய = 20. வேகம் −30 ஆக இருக்காது. ஆகவே ஏறும் வேகம் மணிக்கு 20 கிலோமீற்றர். சரி பார்த்தால் ஏற ஒன்றரை மணித்தியாலம், இறங்க ஒரு மணித்தியாலம். வித்தியாசம் அரை மணித்தியாலம்.

இன்னொரு கேள்வி. போய் வந்த சராசரி வேகம் என்ன? 20ஐயும் 30ஐயும் கூட்டிப் பாதி எடுத்து 25 என்பார்கள். பிழை. மொத்தம் 60 கிலோமீற்றர், மொத்தம் இரண்டரை மணித்தியாலம். 60ஐ 2½ஆல் பிரித்தால் 24. மெதுவாக வந்த நேரம் அதிகம், அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. பின்னத்தின் அடியில் இருப்பதை நேராகக் கூட்டிப் பாதி எடுக்கக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கதிர்காமம் போகும் கணக்கு

ஒரு தோட்டத்து இளைஞர்கள் கதிர்காமம் போகச் சிறிய பஸ் ஒன்று 24,000 ரூபாவுக்குப் பேசினார்கள். ஆளுக்குச் சமமாகப் பங்கு. புறப்படும் நாளில் 4 பேர் வரவில்லை. மீதிப் பேர் ஆளுக்கு 200 ரூபா கூடுதலாகப் போட வேண்டி வந்தது. முதலில் எத்தனை பேர்?

24000/(ய − 4) − 24000/ய = 200

பொ.ம.சி. ய(ய − 4). பெருக்குவோம்.

24000ய − 24000(ய − 4) = 200ய(ய − 4)
96000 = 200ய(ய − 4)
480 = ய² − 4ய
ய² − 4ய − 480 = 0
(ய − 24)(ய + 20) = 0

ய = 24. ஆட்கள் எண்ணிக்கை −20 ஆக முடியாது. 24 பேர் என்றால் ஆளுக்கு 1,000 ரூபா. 20 பேர் என்றால் 1,200 ரூபா. 200 ரூபா வித்தியாசம். இப்படிக் கணக்கு ஒருவருக்காவது தெரிந்தால், காசு சேர்க்கும்போது வாய்த்தகராறு வராது.

விடைத்தாளில் நான் காணும் பிழைகள்

தம்பி தங்கச்சிமாரே, இதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று. முழு எண்ணைப் பெருக்க மறப்பது. ய/3 + 2 = ய/2 என்று இருக்கிறது. 6ஆல் பெருக்கும்போது 2ஐ விட்டுவிட்டு 2ய + 2 = 3ய என்று எழுதி ய = 2 என்கிறார்கள். பிழை. 2உம் தராசில் இருக்கும் ஒரு உறுப்பு. அதையும் பெருக்கினால் 2ய + 12 = 3ய, ஆகவே ய = 12.

இரண்டு. கழித்தல் குறிக்குப் பின்னால் அடைப்பு போடாதது. ய/2 − (ய − 4)/3 = 3. இதை 6ஆல் பெருக்கினால் 3ய − 2(ய − 4) = 18. அடைப்பைத் திறந்தால் 3ய − 2ய + 8 = 18. கழித்தலும் கழித்தலும் சேர்ந்து கூட்டல். ய = 10. அந்த 8க்கு முன்னால் கழித்தல் போட்டவர்களுக்கு 26 வரும். சரி பார்த்தால் உடனே பிடிபடும்.

மூன்று. கண்டபடி வெட்டுவது. (ய + 6)/6 என்பதில் மேல் 6ஐயும் கீழ் 6ஐயும் வெட்டி ய என்று எழுதுகிறார்கள். யவுக்கு 12 போட்டுப் பாருங்கள். 18ஐ 6ஆல் பிரித்தால் 3. வெட்டினவருக்கு 12. பெருக்கலில் இருப்பதை வெட்டலாம், கூட்டலில் இருப்பதை வெட்டக் கூடாது.

நாலு. எல்லா இடத்திலும் குறுக்குப் பெருக்கம். இந்தப் பக்கம் ஒரே பின்னம், அந்தப் பக்கம் ஒரே பின்னம் என்றால் குறுக்கே பெருக்கலாம். ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று உறுப்புகள் இருந்தால் அப்படியே குறுக்கே பெருக்கக் கூடாது. பொ.ம.சி. வழி எல்லாக் கணக்குக்கும் பொருந்தும். அதையே பழகிக்கொள்ளுங்கள்.

பூச்சியம் என்ற பொறி

இப்போது கடைசியாக, மிகவும் முக்கியமான ஒன்று. இந்தக் கணக்கைப் பாருங்கள்.

ய/(ய − 3) = 3/(ய − 3) + 2

(ய − 3)ஆல் பெருக்கினால்:

ய = 3 + 2(ய − 3)
ய = 2ய − 3
ய = 3

வழி எல்லாம் சரி. விடை 3 என்று கோடு போட்டுவிட்டால் முடிந்ததா? இல்லை. யவுக்கு 3ஐப் போட்டால் அடியில் 3 − 3, பூச்சியம். பூச்சியத்தால் பிரிக்க முடியாது. 12 ரொட்டியை 4 பேருக்குப் பிரிக்கலாம், ஒருவருக்கே கொடுக்கலாம். ஆளே இல்லாத இடத்தில் ஆளுக்கு எத்தனை என்று கேட்டால் என்ன பதில்? கேள்வியே பொருந்தாது. ஆகவே இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வு இல்லை.

சரியான வழியில் போய்ப் பிழையான விடை எப்படி வந்தது? நாம் (ய − 3)ஆல் பெருக்கினோம். ய 3 ஆக இருந்தால் அது பூச்சியத்தால் பெருக்கினது மாதிரி. 5உம் 7உம் சமமில்லை. ஆனால் இரண்டையும் பூச்சியத்தால் பெருக்கினால் இரண்டும் பூச்சியம், சமமாகத் தெரியும். பூச்சியத்தால் பெருக்கினால் தராசு பொய் சொல்லும். அதனால் எழுத்து அடியில் இருக்கும் கணக்குத் தொடங்கும்போதே, அடியைப் பூச்சியமாக்கும் எண் எது என்று ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும். விடையாக அதுவே வந்தால் தள்ளிவிட வேண்டும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

"எங்களுக்கு இதெல்லாம் தெரியாதே, நாங்க எப்படிச் சொல்லிக் குடுக்கிறது?" என்று அம்மாமார் நினைக்கலாம். சொல்லிக்கொடுக்க வேண்டாம். பிள்ளை கணக்கு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "விடையைத் திருப்பிப் போட்டுப் பாத்தியா?" அவ்வளவுதான். இந்தக் கணக்கின் சிறப்பு என்னவென்றால், விடை சரியா பிழையா என்று ஆசிரியர் வந்து சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையே கண்டுபிடிக்கலாம். டியூசனுக்குக் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இந்த வசதி உண்டு.

அடுத்தது, வெள்ளையாக விட வேண்டாம் என்று சொல்லுங்கள். கணிதத்தில் கடைசி விடைக்கு மட்டும் புள்ளி கொடுப்பதில்லை. வழிக்கும் புள்ளி உண்டு. பொ.ம.சி. சரியாக எழுதி, பெருக்கி, அடைப்பைத் திறந்தாலே புள்ளி வரத் தொடங்கும். கடைசி வரியில் கூட்டல் பிழைத்தாலும் முன்னால் எடுத்த புள்ளி போகாது. சித்திக்கும் சித்தியின்மைக்கும் நடுவில் இருக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு மூன்று புள்ளிதான் கரை சேர்க்கும்.

மூன்றாவது, பரீட்சைக்கு முன் வரும் மாதங்களில் பிள்ளையை, முக்கியமாகப் பெண் பிள்ளையை, தம்பி தங்கச்சியைப் பார்க்கவும் விறகு பொறுக்கவும் மரக்கறித் தோட்டத்தில் கைகாசுக்கு உருளைக்கிழங்கு கிண்டவும் மறிக்க வேண்டாம். கஷ்டம் எனக்குத் தெரியும். ஒரு நாள் கூலி வீட்டுக்கு எவ்வளவு பெரிசு என்றும் தெரியும். ஆனால் இந்த வகைக் கணக்கு ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டப்படுவது. பொ.ம.சி. சொல்லிக்கொடுத்த கிழமை வராத பிள்ளைக்கு அடுத்த கிழமை வகுப்பில் இருந்தும் பிரயோசனம் இல்லை. ஆசிரியர் பேசுவது வேறு பாஷை மாதிரி இருக்கும். அப்படித்தான் பயம் தொடங்குகிறது. ஒரு முறை சித்தியடையாத பிள்ளையையும் ஏசிப்போட்டு மூலையில் உட்கார வைக்க வேண்டாம். கணிதத்தை மட்டும் திரும்ப எழுதலாம். எழுதிச் சித்தியடைந்து மேலே போனவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் செய்ய ஐந்து கணக்குகள்

1. ய/4 + ய/6 = 5
2. 3/ய + 1/2 = 2
3. 5/(ய + 1) = 3/(ய − 1)
4. ஒரு துண்டு நிலத்தில் புல் வெட்ட அம்மாவுக்குத் தனியாக எடுக்கும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு மகளுக்கு எடுக்கும். இருவரும் சேர்ந்து வெட்டினால் 6 மணித்தியாலம். அம்மா தனியாக வெட்டினால் எவ்வளவு நேரம்?
5. ய/(ய − 2) = 2/(ய − 2) + 3

விடைகள்: முதலாவது 12. இரண்டாவது 2. மூன்றாவது 4. நாலாவது 9 மணித்தியாலம். ஐந்தாவதற்கு என்ன என்று பிள்ளைகளே சொல்லட்டும். அடியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

விடையை நான் சொல்லிவிட்டேன் என்று சும்மா இருக்கக் கூடாது. வழியை எழுதி, திருப்பிப் போட்டுப் பார்த்து, கொப்பியை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கணக்கு போதும். ஒரு மாதத்தில் 60 கணக்கு ஆகிவிடும். 60 கணக்கு செய்த பிள்ளை அடியில் இருக்கும் எழுத்தைக் கண்டு ஓடாது.